பறை செய்த குற்றம் யாது?

(வைகாசிப் பௌர்ணமிக்கு முந்திய ஞாயிறன்று குப்பத்தில் உபாசகர் கூட்டத்தில் ஆற்றிய தம்ம உரை)





சென்ற பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவில் நம்மிடையே எழுந்த வழக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெனுகொண்டாவில் கொரிய நாட்டார் நடத்தும் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து நின்று, வைகாசிப் பௌர்ணமி ஊர்வலத்தில் நாம் பலகை அடித்துக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டான். தமிழ்நாட்டில் பறை என்றும், தெலுங்கில் டப்பு என்றும், நம் பக்கத்தில் பலகை என்றும் வழங்கும் கருவியைத்தான் அவன் சொன்னான். தன் கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினான். கொரிய நாட்டு விகாரை ஒன்றிலே, ஆள் உயரத்திற்கும் மேற்பட்ட பெருமுரசின் முன் நின்று, காவியாடை அணிந்த பிக்கு ஒருவர் இரண்டு கோல்களால் அதனை அறையும் காட்சி அது. “ஐயா, அங்கே பிக்குகளே அடிக்கிறார்கள்; நாம் மட்டும் ஏன் வெட்கப்படவேண்டும்?” என்பது அவன் கேள்வி.

அப்பொழுது நம் சங்கத்தின் மூத்த உபாசிகை அம்மையார் எழுந்தார். “தம்பி, அங்கே அடிப்பவரை ஒருவனும் ‘ஏய்’ என்று கூப்பிட்டிருக்கமாட்டான். என் வீட்டுக்காரர் மும்மணிகளைச் சரணமடைந்த அன்றே பலகையை உடைத்து அடுப்பில் வைத்தார். அந்தச் சாம்பலை மறுபடியும் புத்தர் முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாயா?” என்று கேட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. சபை வாயடைத்துப் போயிற்று. ஒரு மாதம் தவணை கொடுங்கள், ஆராய்ந்து சொல்லுகிறேன் என்று அடியேன் வேண்டிக்கொண்டேன். அந்தத் தவணை இன்று முடிகிறது.

இவ்வழக்கில் என் சொந்தச் செய்தியை மறைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லப் புகுவது நேர்மையாகாது. என் தகப்பனார் பலகை அடித்தவர். ஊரிலே சாவு விழுந்தால் ஆள் வரும். நள்ளிரவானாலும் எழுந்து போகவேண்டும். ஜாத்திரை வந்தால் மூன்று நாள் உறக்கமில்லை. தெருவின் எல்லையில் நின்று, அம்மன் வரும் வழியெல்லாம் முன்னே அடித்துச் சென்று, கோயில் வாசலிலே விலகி நிற்கவேண்டும். கூலி என்பது துண்டில் கொட்டிய சோறும் ஒரு குவளைச் சாராயமும். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த நான், 18 வயதில் பெங்களூருக்கு ரயிலேறி ஒரு நூற்பு மில்லில் சேர்ந்தேன். அங்கே ஓராண்டு ஆயுத பூசையன்று, என் ஊரையும் குலத்தையும் எப்படியோ தெரிந்துகொண்ட மேஸ்திரி ஒருவர், “உங்கள் ஆட்களுக்குத்தான் அடிக்கத் தெரியுமே, நீயே அடி” என்று ஒரு பலகையை என் கையில் திணித்தார். நான் கீழே வைத்துவிட்டேன். அடுத்த மாதமெல்லாம் எனக்கு இரவு ஷிப்டுதான்.

அந்த இரவுகளில்தான், இடைவேளை நேரத்தில், அண்ணல் அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சரணமடைந்து ஊருக்குத் திரும்பிய அன்று, முதற் காரியமாகத் தகப்பனாரின் பலகையை இறக்கி, கத்தியால் அதன் தோலைக் குறுக்கே கிழித்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. “அது உனக்கு என்ன செய்தது, அப்பா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழிந்துவிட்டன, அவரும் காலமாகிவிட்டார். இன்று நான் ஆராயப் புகுவதும் அந்தக் கேள்வியையே.

முதலாவதாக, இழிவு எங்கே இருக்கிறதென்று பார்ப்போம். ஒரு பொருளைக் கூறு கூறாகப் பகுத்து நோக்குவதே பௌத்தர்களின் முறை. தேரைச் சக்கரமென்றும் அச்சென்றும் நுகமென்றும் பிரித்துக் காட்டி, மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் போதித்த வழி அது. பலகையையும் அவ்விதமே பிரிப்போம். மரத்துண்டுகளை வளைத்து இணைத்த சட்டம் ஒன்று; சட்டத்தின்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல் இரண்டு; ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை மூன்று; தோலை விறைப்பாக்க வைக்கோல் மூட்டிய அனல் நான்கு; அடிப்பதற்குத் தடித்த குச்சி ஒன்றும் மெல்லிய நீண்ட குச்சி ஒன்றும். இவற்றுள் எது இழிந்தது? மரம் இழிந்ததாயின் கோயில் தேரும் மரமே. புளியங்கொட்டை எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கிடக்கிறது. தோல் இழிந்தது என்பீர்களாயின், மிருதங்கத்தை எண்ணிப் பாருங்கள். பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்களாலன்றி மிருதங்கம் அமையாது. அதனைச் செய்து கொடுக்கும் தொழிலாளரின் வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். மிருதங்கத்தை எந்தச் சபையும் வாசலில் நிறுத்தவில்லை. தோலை உரித்துப் பதப்படுத்தி மூட்டியவனைத்தான் நிறுத்தியது. ஆதலின் தோலிலே தீட்டு இல்லை என்பது வெளிப்படை.

ஓசையிலே இழிவு உண்டோ? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுங்கால், தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகமும் பாலைக்குத் துடியும் என ஒவ்வொரு திணைக்கும் அதனதன் பறை உண்டு. நம் பௌத்த காப்பியமாகிய மணிமேகலை எவ்வாறு தொடங்குகிறது? புகார் நகரில் இந்திர விழா வருவதை, பழங்குடியில் பிறந்த ஒருவன் யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறைந்து அறிவிக்கிறான். அவன் வாழ்த்துவது, நாட்டிலே பசியும் நோயும் பகையும் ஒழியவேண்டும் என்பதையே. அறம் உரைப்போர் பந்தலிலே வந்து அமரவேண்டும் என்றும், சமயவாதிகள் வாதமண்டபம் ஏறவேண்டும் என்றும், பகைவரிடத்தும் பூசல் கொள்ளலாகாது என்றும் சாற்றுகிறான். அன்று முரசு அறைந்தவன் நகரத்தார் அனைவரும் செவிசாய்க்கும் அறிவிப்பாளன். யாருக்கும் ஏவலாளாக நிற்கவில்லை. நம்மவர் பழம் பௌத்தர்கள் என்றும், பிற்காலத்துச் சூழ்ச்சியாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்றும் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வாணாள் முழுதும் வற்புறுத்தியதை இங்கே நினைவு கூர்க.

மரத்திலும் இல்லை, தோலிலும் இல்லை, ஓசையிலும் இல்லையாயின் இழிவு எங்கேதான் இருந்தது? கூப்பிட்டால் வரவேண்டும், மறுத்தால் உதை, கொடுத்ததே கூலி, இன்ன குலத்தில் பிறந்தவனே அடிக்கவேண்டும், அடித்துவிட்டு எட்டி நிற்கவேண்டும். இந்த ஏவலில்தான் இழிவு குடியிருந்தது. ஆகையால் ஏவலை மறுத்தவர்கள் செய்தது முற்றிலும் சரி. காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலே எல். இளையபெருமாள் அவர்கள் இந்த ஊழியத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார். நம் அம்மையாரின் கணவர் பலகையை அடுப்பில் வைத்ததும் அந்தக் கிளர்ச்சியைச் சேர்ந்ததே. அந்தத் தீ மூளாதிருந்தால், இன்று இந்தப் பிள்ளை இப்படி நிமிர்ந்து நின்று கேட்டிருக்கவே மாட்டான். தம்பி, இதனை நீ முதலில் உணரவேண்டும்.

இரண்டாவதாக, பகவன் இசைக்கருவிகளை எவ்விதம் நோக்கினார் என்று பார்ப்போம். சம்பா நகரத்துச் செல்வர் மகனாகிய சோணர், துறவு பூண்டு சீதவனத்தில் கடுமுயற்சி செய்தார். மென்மையான பாதங்கள் வெடித்து இரத்தம் பெருகும் அளவுக்கு நடந்து தியானித்தும் பலன் காணாமல், வீட்டுக்கே திரும்பிவிடலாமோ என்று கலங்கினார். பெருமான் அவரிடம் சென்று, முன்னாளில் நீ வீணை வாசிப்பவன் அன்றோ என்று விசாரித்தார். நரம்பை மிக முறுக்கினால் இசை பிறக்குமா, மிகத் தளர்த்தினால் பிறக்குமா, அளவோடு கூட்டினால் பிறக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முயற்சியும் அவ்வாறே அளவோடு நிற்கவேண்டும் என்று உணர்த்தினார். 22 ஆண்டுகள் கதிர்களுக்கு நடுவே நின்றவனுக்கு இது எளிதில் விளங்கும். இழை மிக இழுபட்டால் அறும், தளர்ந்தால் சிக்கும். எனக்கு நூலைக் காட்டியிருப்பார். சோணருக்கு வீணையைக் காட்டினார்.

பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வில்வ மரத்தாலான வீணையை மீட்டிப் பாடியபோது, நரம்பின் ஓசையும் குரலின் ஓசையும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இயைந்திருந்ததைப் பெருமான் பாராட்டினார் என்று தீக நிகாயம் கூறுகிறது. முரசைப் பற்றியோ இன்னும் சிறந்த செய்தி உண்டு. ஞானம் பெற்றபின் காசிக்குச் செல்லும் வழியில் உபகன் என்னும் ஆசீவகன் எதிர்ப்பட்டான். எங்கே போகிறீர் என்ற அவனுக்குப் பெருமான் அளித்த விடை, இருண்ட இவ்வுலகில் சாவாமையின் முரசை அறையப் போகிறேன் என்பதாம். தம் முதற் போதனைக்கு அவர் உவமையாகத் தேர்ந்துகொண்ட கருவி முரசு! அதனைத் தாழ்ந்ததென்று கருதியிருந்தால் அதைத் தம் தம்மத்துக்கு ஒப்பாகச் சொல்லியிருப்பாரோ?

அசோகச் சக்கரவர்த்தியும் அந்த வழியே சென்றார். நம் ஆந்திர தேசத்திலேயே, கர்நூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறைகளில் அவருடைய சாசனங்கள் இன்றும் காணக்கிடக்கின்றன. அவற்றுள் நான்காவது பெருஞ்சாசனம், போருக்கு அழைத்த முரசின் ஓசை இப்பொழுது தம்மத்தின் ஓசையாய் மாறிவிட்டதென்று அறிவிக்கிறது. அங்கேயே உள்ள சிறு சாசனம், தாய் தந்தையரைப் பேணல், உயிர்களிடத்து இரக்கம், வாய்மை ஆகிய கட்டளைகளை அதிகாரிகள் முரசு முழக்கி நாட்டு மக்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. கவனியுங்கள்! அசோகர் முரசை உடைக்கவில்லை. அது சொல்லும் சேதியை மாற்றினார்.

மூன்றாவதாக, இந்தப் பிள்ளை காட்டிய கொரிய நாட்டுக்கு வருவோம். அவன் படத்தைப் பார்த்தபின், கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். அந்நாட்டுக்குப் பௌத்தம் 372-ஆம் ஆண்டில் முதலில் சென்றது. அங்குள்ள பெரிய விகாரைகளில் முரசோடு வேறு மூன்று கருவிகளும் ஒரு மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. காலையிலும் மாலையிலும் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக முழக்குவர். வெண்கலப் பெருமணியின் ஓசை நரகத்தில் துன்புறும் உயிர்களுக்காக. ‘பொப்கோ’ என்னும் தம்ம முரசின் ஓசை நிலத்தில் வாழும் விலங்குகளுக்காக. மரத்தைக் குடைந்து செய்த மீனின் வயிற்றுக்குள் கோலை விட்டுத் தட்டும் ஓசை நீரில் வாழ்வனவற்றுக்காக. மேக வடிவிலமைந்த உலோகத் தகட்டின் ஓசை வானில் பறப்பனவற்றுக்காக. ஓருயிரும் விடுபடாமல், செவியுள்ள யாவும் கேட்டுத் துன்பம் நீங்கவேண்டும் என்பதே கருத்து.

மரமீனை ஏன் வைத்தார்கள் தெரியுமா? மீனுக்கு இமை இல்லை. இரவும் பகலும் கண் மூடாது. சாதகனும் அவ்வாறே விழித்திருக்கவேண்டும் என்று அது நினைவூட்டுகிறது. முரசையோ மாட்டுத்தோலால் மூட்டுகிறார்கள். யாருடைய தோலை நாம் எடுத்துக்கொண்டோமோ, அந்த விலங்குகளின் நன்மைக்காகவே அந்த முரசை அறைகிறார்கள்! உயிர்க்கொலை விலக்கிய நாம் தோற்கருவியைத் தொடலாமோ என்று நம்மில் சிலர் ஐயுறுகிறார்கள். இறந்த மாட்டின் தோலை மூட்டி, அதன் இனத்துக்காக இரங்கி ஒலிப்பதில் எனக்குக் குற்றம் தோன்றவில்லை. தோலுக்கென்று ஒரு மாட்டைக் கொல்வது குற்றமே. அதனை நாம் செய்யலாகாது.

இனி, என் தகப்பனார் கேட்ட கேள்வியை நான் மறுபடியும் சந்தித்த இடத்தைச் சொல்லுகிறேன். கொரிய நாட்டில் கயாகும் என்று ஒரு நரம்புக்கருவி உண்டு. நீண்ட பலகையின்மேல் 12 பட்டு நரம்புகளைக் கட்டி, மடியில் கிடத்தி விரலால் மீட்டுவது. 6-ஆம் நூற்றாண்டில் காயா என்னும் சிறு நாட்டின் மன்னன் ஆணைப்படி உரூக் என்ற இசைவாணர் அதற்கு 12 பண்கள் அமைத்தார். அவருடைய நாடு சீர்குலைந்து வந்தது. அவர் கருவியைச் சுமந்துகொண்டு பக்கத்து நாடாகிய சில்லாவில் தஞ்சம் புகுந்தார். (காயா நாடு 562-இல் முற்றிலும் சில்லாவுக்கு அடங்கியது.) சில்லாவை ஆண்ட ஜின்ஹுங் மன்னன் பௌத்தன், கடைசிக் காலத்தில் தானும் துறவாடை பூண்டவன். அவன் அவ்விசையை மெச்சித் தன் அரசவைக்கு ஏற்றுக்கொள்ளப் புகுந்தபோது அமைச்சர்கள் தடுத்தார்கள். அழிந்த நாட்டின் இசை நமக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம். மன்னனோ, காயா வேந்தன் தன் ஒழுக்கக்கேட்டால் அழிந்தான், அதற்கு இசை என்ன குற்றம் செய்தது என்று திருப்பிக் கேட்டான். 1145-இல் தொகுக்கப்பட்ட கொரிய நாட்டு வரலாற்று நூலில் இச்செய்தி பதிந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரியணையில் இருந்த வேந்தன் கேட்டதும், திண்ணையில் உட்கார்ந்திருந்த என் தகப்பனார் கேட்டதும் ஒரே கேள்வி அல்லவா!

கதை அத்தோடு முடியவில்லை. மன்னன் மூன்று மாணாக்கரை உரூக்கிடம் அனுப்பினான். கற்றுத் தேர்ந்த அவர்கள், 12 பண்களும் ஆரவாரம் மிகுந்தவை என்று கருதி அவற்றை ஐந்தாகச் சுருக்கினார்கள். உரூக் முதலில் சினந்தார். பின்பு கேட்டுப் பார்த்துக் கண்ணீர் உகுத்து, மகிழ்ச்சி உண்டு, ஆனால் வரம்பு கடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பழைய கருவி புதிய இடத்துக்கு வரும்போது, ஏற்றுக்கொள்பவர் அதனைத் திருத்திக்கொள்ள உரிமையுண்டு. கொடுப்பவர் அழவும் உரிமையுண்டு. இந்த இரண்டையும் நெஞ்சிலே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மையார் சொன்னதற்கும் நான் விடை கூறவேண்டும். அங்கே அடிப்பவரை யாரும் ‘ஏய்’ என்று அழைத்ததில்லை என்றார். அம்மா, அங்கேயும் அழைத்தார்கள். சோசன் அரச மரபின் (1392–1910) காலத்தில், மாடறுப்போரும் தோல் வேலை செய்வோரும் பெக்ஜோங் என்ற பெயரால் ஒதுக்கப்பட்டு, ஊருக்குப் புறம்பே வாழ்ந்தார்கள். ஊர் ஊராகச் சென்று கொட்டி ஆடிப் பிழைத்த நாம்சாதாங் என்னும் கூத்தர் கூட்டத்தாரும் தாழ்ந்தோராகவே நடத்தப்பட்டார்கள். ஏன், பிக்குகளையே இழிந்தோர் வரிசையில் வைத்துத் தலைநகரின் வாயிலுக்குள் நுழையலாகாது என்று தடுத்திருந்தார்கள்! பிறவித் தாழ்வுகள் சட்டத்தில் 1894-இல் ஒழிந்தன. பிக்குகளின்மேலிருந்த தடை 1895-இல் நீங்கிற்று. சட்டம் மாறியும் மனம் மாறாமையால், 1923-இல் ஜின்ஜு நகரில் பெக்ஜோங் மக்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். துலாக்கோல் சமனாய் நிற்பதையே அச்சங்கத்தின் பெயராக வைத்தார்கள். இறைச்சி நிறுத்தவனின் தராசு சமத்துவத்தின் சின்னமாயிற்று. நாம்சாதாங் மரபில் வந்த ஒருவரும் சேர்ந்து 1978-இல் தலைநகராகிய சோல் நகரில் இரண்டு முழவுகளையும் இரண்டு உலோகத் தட்டுக்களையும் மேடையில் ஏற்றினார்கள். இன்று உலகமெங்கும் அந்த முழக்கத்தைக் கேட்கிறார்கள். நம் நாட்டிலும், 2025-இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனாலும் மேடையும் விருதும் கண்டு நாம் மயங்கிவிடக் கூடாது. இலங்கையைப் பாருங்கள். கண்டியில் தலதா மாளிகையில் நாள்தோறும் வழிபாட்டு வேளையில் முரசு முழங்குகிறது. அதனைப் புத்தருக்குச் செய்யும் ஓசைப் பூசை என்றே போற்றுகிறார்கள். எனினும் முரசு அறைவது ‘பெரவா’ என்னும் ஒரு குலத்தார்க்கே உரிய ஊழியமாய் நெடுங்காலம் நின்றது. புத்தர் முன்னிலையில் அறைந்தும் பிறவித் தாழ்வு நீங்கவில்லை! பறையை விகாரைக்குள் கொண்டுவந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அம்மையாரின் அச்சம் வீண் அச்சமன்று.

இன்னொரு தடையும் எழுப்பப்பட்டது. பௌர்ணமியில் அட்டசீலம் ஏற்கிறோமே, ஆடல் பாடல் இசைமுழக்கங்களை விலக்குமாறு 7-ஆம் சீலம் சொல்லுகிறதே, பலகை அடிக்கலாமோ என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. அந்தச் சீலம், மனத்தை மயக்கும் கேளிக்கையினின்று காக்கும் வேலி. அதனை ஏற்றவர்கள் அன்று கோலைத் தொடவும் வேண்டாம், முழக்கத்தின் பின்னே ஆடவும் வேண்டாம். பஞ்சசீலம் மட்டும் ஏற்றவர்கள் ஊரைக் கூட்டுவதற்காக அறையலாம். கொரிய நாட்டு விகாரையில் முரசு முழங்குவதும் கேளிக்கைக்காக அன்று, எழுப்புவதற்காக.

ஆகையால் நான் கண்ட முடிவைச் சபைமுன் வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

வைகாசிப் பௌர்ணமியன்று பலகை ஒலிக்கலாம். முதலாவது நிபந்தனை, அதனை அடிப்பவர் விரும்பி வந்தவராக இருக்கவேண்டும். இன்ன குடும்பம், இன்ன தெரு என்ற கணக்கு கூடாது. ஆணும் பெண்ணும், படித்தவரும் படியாதவரும், சங்கத் தலைவரும் முறைவைத்து அடிக்கட்டும். என் முறையும் அதில் இருக்கட்டும். இரண்டாவது, கூலி வாங்கலாகாது; சாராயம் தொட்டவன் கோலைத் தொடலாகாது. மூன்றாவது, வெளியார் எவரேனும் சாவுக்கோ ஜாத்திரைக்கோ வரச்சொல்லி ஏவினால், இதே கைகள் அதே உறுதியோடு மறுக்கவேண்டும். நான்காவது, ஊர்வலம் விகாரை வாசலை அடைந்ததும் பலகை நிற்கவேண்டும். உள்ளே மௌனம், பின்பு திரிசரணம். ஐந்தாவது, அம்மையார் குடியிருக்கும் தெருவில் நுழையும்போது பலகையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓசையின்றி நடந்து செல்லவேண்டும். அவரே வாசலுக்கு வந்து “அடியுங்கள்” என்று சொல்லும் ஆண்டு வரும்வரையில் இந்த முறை நிற்கட்டும். வராமலே போனாலும் குறையில்லை. அந்தத் தெருவின் மௌனமும் நம் வரலாற்றின் ஓசையே.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தசாரகர் என்னும் குலத்தாரிடம் ஆனகம் என்று ஒரு பெருமுரசு இருந்ததாகப் பகவன் ஒரு கதை சொன்னார். முரசில் விரிசல் கண்டபோதெல்லாம் அவர்கள் ஓர் ஆப்பை அடித்து அடைத்தார்கள். ஆப்பின்மேல் ஆப்பாக ஏறி, கடைசியில் பழைய முரசின் மரம் முழுதும் மறைந்து, ஆப்புகளே மிஞ்சின. ஆழ்ந்த போதனைகளைக் கேளாமல், அலங்காரச் சொற்களையே விரும்பிக் கேட்கும் காலம் வந்தால் தம்மமும் அவ்வாறே மறையும் என்று பிக்குகளை எச்சரித்தார். நாமும் பலகையின் ஓசையில் மயங்கி, பஞ்சசீலத்தை மறந்து, பௌர்ணமிதோறும் ஊர்வலம் மட்டும் நடத்துவோமாயின், நம் சங்கத்தில் ஆப்புகளே மிஞ்சும். அப்பொழுது அம்மையார் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இராது.

என் வீட்டுப் பரணில் தகப்பனாரின் பலகைச் சட்டம் தோல் கிழிந்தபடியே கிடக்கிறது. மரம் இன்னும் கெடவில்லை. இந்தப் பிள்ளை அதற்குப் புதுத்தோல் மூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சபை இசைந்தால், ஊர்வலத்தின் முதல் அடியை நான் அதில் அடிப்பேன். எனக்கு அடிக்கத் தெரியாது. தகப்பனார் கற்பிக்க வந்தபோதெல்லாம் நான் ஓடிவிட்டேன். தப்பும் தவறுமாகத்தான் விழும். ஆயினும், எவரும் ஏவாமல் என் குடும்பத்தார் கையால் விழும் முதல் அடி அதுவாக இருக்கும். அவர் கேட்ட கேள்விக்கு, காலம் கடந்தாயினும், என் விடை அது: பறை ஒரு குற்றமும் செய்யவில்லை, ஐயா.

ஏவலும் அச்சமும் எல்லா இல்லங்களினின்றும் நீங்குக! நிலத்திலும் நீரிலும் வானிலும் வாழும் உயிர்கள் யாவும் நலமுறுக!

சாது! சாது! சாது!